பழைய கம்ப்யூட்டருக்கு அப்கிரேடு: பணம் கொடுக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதி, தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் அன்றே ஆதரவு முடிந்தது. அந்த வாரம் நம்மில் யாருக்கும் இதைக் கவனிக்க நேரம் இல்லை. சர்க்கரையும் மைதாவும் கடலை மாவும் லாரியிலிருந்து இறங்கிக் குடோனுக்குள் போகாமலே கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். பண்டிகை முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் சர்வீஸ் செய்கிற தம்பிகள் கடை கடையாக வந்து, "அண்ணாச்சி, உங்க சிஸ்டம் காலாவதி ஆயிடுச்சு. அப்கிரேடு பண்ணியே ஆகணும். ஒரு மெஷினுக்கு இவ்வளவு ஆகும்" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை வட்டாரத்து உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: கொடுக்கலாமா, வேண்டாமா? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. இப்போது உங்கள் மெஷினில் ஓடும் சாப்ட்வேர் முறையாக வாங்கியதா, அந்த உரிமை எந்த மெஷினுக்கு, யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு பைசா கூடக் கொடுக்காமலும் வேலை முடியலாம். முழு விலையும் கொடுக்க வேண்டியும் வரலாம். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பட்டதையும், பட்ட பிறகு ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ஆதரவு நின்றது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று பொருள் அல்ல. நேற்று ஓடியது இன்றும் ஓடும். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. வேலையும் அதே மெஷினில் செய்பவர்கள் நாளைக் கடத்தக் கூடாது. பணம் கட்டி இன்னும் சில காலம் திருத்தங்களைப் பெறும் ஏற்பாட்டையும் அந்தக் கம்பெனி வைத்திருக்கிறது. எதுவானாலும் அவசரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம் இது இல்லை.

ஏலத்தில் வந்த கம்ப்யூட்டர்கள்

நம் பகுதியில் இந்தச் சிக்கல் மற்ற ஊர்களைவிட அதிகம். காரணம் சுற்றியுள்ள தொழிற்சாலைகள். சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மாற்றுகிறார்கள். பழையவை லாட் லாட்டாக ஏலம் போய், செகண்ட் ஹாண்ட் வியாபாரிகளிடம் வந்து, கடைசியில் நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகின்றன. பொருள் தரமானது, விலையும் சகாயம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் ஓடுகிற விண்டோஸ் நமக்குச் சேர்ந்து வந்ததா என்பது வேறு கேள்வி.

2022-ல் நானும் அப்படி மூன்று மெஷின் வாங்கினேன். விண்டோஸ் 10, எக்செல், வேர்டு எல்லாம் போட்டே கொடுத்தார்கள். பில்லில் "பழைய கம்ப்யூட்டர் 3" என்று ஒரே வரி. ஏறக்குறைய ஆறு மாதம் ஆனதும் ஒருநாள் காலையில் இரண்டு மெஷின்களின் திரையில் வலது பக்கக் கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்ற எழுத்து வந்து நின்றுவிட்டது. சர்வீஸ் பையன் வந்து, வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு, பென் டிரைவைச் சொருகி ஏதோ ஓட்டினான். ஐந்து நிமிடத்தில் எழுத்து போனது. முந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன். அவன் செய்தது என்ன என்பது 2025 கடைசியில்தான் எனக்கு விளங்கியது.

பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. மொத்தமாக லைசென்ஸ் வாங்கி, கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்துவிடுகிறார்கள். கே.எம்.எஸ். என்று அதற்குப் பெயர். அந்தக் கம்பெனியின் மெஷின்கள் 180 நாளுக்குள் ஒருமுறையாவது அந்த சர்வரோடு தொடர்புகொண்டு உரிமையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை கேட்டைத் தாண்டி என் கடைக்கு வந்த மெஷின் எந்த சர்வரைத் தேடும்? ஒரு தொழிலாளி வேலையை விட்டு நின்ற பிறகும் பழைய அட்டையோடு கேன்டீன் வரிசையில் நிற்பது மாதிரிதான். அட்டை செல்லாது என்று தெரிய 180 நாள் ஆகிறது, அவ்வளவே. பையன் பென் டிரைவில் கொண்டுவந்தது அந்த சர்வரைப் போல நடிக்கும் ஒரு போலி. அதாவது விவரம் தெரியாமலே மூன்று வருடம் என் கடையில் திருட்டு விண்டோஸ் ஓடியிருக்கிறது, அதற்கு நானே கூலியும் கொடுத்திருக்கிறேன்.

விண்டோஸ் உரிமை மூன்று விதமாக வரும். ஒன்று, கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனியே போட்டு அனுப்புவது. ஓ.இ.எம். என்பார்கள். இது அந்த மெஷினோடு பிறந்து அந்த மெஷினோடு போகும். மெஷின் கைமாறினால் உரிமையும் கூடவே வரும், ஆனால் கழற்றி இன்னொரு மெஷினில் போட முடியாது. தாய்ப்பலகையான மதர்போர்டை நாமாக மாற்றினால் உரிமையும் அதோடு போயிற்று. இரண்டாவது, கடையில் பெட்டியாகவோ நேரிலோ வாங்கும் ரீடெயில் லைசென்ஸ். பழைய மெஷினில் நிறுத்திவிட்டுப் புதிய மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, நான் சொன்ன கம்பெனி மொத்த லைசென்ஸ். இது அந்தக் கம்பெனிக்கு மட்டும். பழைய மெஷினோடு சேர்த்து ஏலத்தில் விற்பதற்கு உரியது அல்ல.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க யாரையும் கூப்பிட வேண்டாம். விசைப்பலகையில் விண்டோஸ் படம் போட்ட விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில வினாடியில் ஒரு சீட்டு மாதிரி திரையில் வரும். அதில் "சேனல்" என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் படியுங்கள். ஓ.இ.எம். என்று தொடங்கினால் மெஷினோடு வந்தது. ரீடெயில் என்றால் பெட்டி வாங்கிய ரகம். வால்யூம் என்று தொடங்கி, கே.எம்.எஸ். கிளையன்ட் என்று தொடர்ந்து, காலாவதி நாள் கணக்கும் சேர்ந்து வந்தால், அது என் கதைதான். விண்டோஸின் பெயரில் "என்டர்பிரைஸ்" என்ற சொல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மளிகைக் கடைக்கு என்டர்பிரைஸ் யாரும் சில்லறையில் விற்பதில்லை.

ரீடெயில் என்று வந்ததை மட்டும் வைத்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. 2015 ஜூலை 29 முதல் ஒரு வருடம் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10 இலவசமாகத் தந்தார்கள். அப்படி ஏறிய மெஷின்களும் ரீடெயில் என்றே காட்டும், அதில் தவறில்லை. ஆனால் இன்டர்நெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற சாவிகளும் ரீடெயில் என்று காட்டலாம். அந்த மாதிரிச் சாவிகள் பெரும்பாலும் வேறு யாருக்கோ கொடுத்த சாவிகள். சாவி பூட்டைத் திறக்கிறது என்பதால் வீடு நம்முடையது ஆகிவிடாது. பில் இருக்கிறதா, யார் கொடுத்த பில் என்று பாருங்கள்.

இனி என் மூன்று மெஷினுக்கு வருகிறேன். சர்வீஸ் கடையில் மூன்றுக்கும் "விண்டோஸ் 11 லைசென்ஸ்" என்று கணிசமான தொகை சொன்னார்கள். முதல் மெஷினில் ஓ.இ.எம். என்று வந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10-க்கு முறையான உரிமை உள்ள, தகுதியுள்ள மெஷினுக்கு விண்டோஸ் 11 இலவசம். லைசென்ஸுக்கு என்று யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. செட்டிங்ஸில் அப்டேட் பகுதியில் இருந்தே அது ஏறியது. ஆள் வந்து செய்தால் அவர் கூலி மட்டும் கொடுக்கலாம், அது நியாயம்.

மற்ற இரண்டும் தொழிற்சாலையின் என்டர்பிரைஸ். அவற்றில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளை சொன்னது இது: பிராண்டட் கம்ப்யூட்டர்கள் தயாரிப்பாளர் போட்ட விண்டோஸ் புரொபஷனல் உரிமையோடுதான் பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வருகின்றன. அந்தச் சாவியை மெஷினின் பயாஸ் சில்லுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் அதற்கு மேல் தங்கள் என்டர்பிரைஸைப் போட்டுக்கொள்கிறார்கள். மேலே உள்ளதை அழித்துவிட்டு மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் புரொபஷனலை இறக்கிப் போட்டால், அடியில் இருக்கும் உரிமை தானாகவே வேலை செய்யும். அப்படியே ஆயிற்று. கணக்கு எல்லாவற்றையும் பிரதி எடுத்துவைத்து, மெஷினைச் சுத்தமாக அழித்துப் போட்டுப் பார்த்தோம். இன்டர்நெட் தொடர்பு கொடுத்ததும் சாவி எதுவும் கேட்காமலே ஆக்டிவேட் ஆனது. மறுபடி விலை கொடுத்து வாங்கச் சொன்ன சரக்கு மூன்று வருடமாக என் குடோனிலேயே அடி மூட்டையாகக் கிடந்திருக்கிறது!

இரண்டில் ஒன்று எட்டாம் தலைமுறை. அதுவும் 11-க்கு ஏறிவிட்டது. இன்னொன்று ஆறாம் தலைமுறை, அது ஏறவில்லை. லைசென்ஸ் சரியாக இருந்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜி.பி. மெமரி, 64 ஜி.பி. இடம் வேண்டும். தலைமுறையைத் தெரிந்துகொள்வது எளிது. மெஷினில் ஐ5-6500 என்று இருந்தால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஏல மெஷின் வாங்கப் போகிறவர்கள் இந்த எண்ணை முதலில் பாருங்கள். அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் யாராவது லாட் எடுக்கிறோமா? விதிகளை ஏமாற்றித் தகுதியில்லாத மெஷினிலும் 11-ஐப் போட்டுத் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் பின்னால் வரும் திருத்தங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. என் ஆறாம் தலைமுறை மெஷின் இப்போது இன்டர்நெட் வயர் இல்லாமல் குடோனில் இருப்பு எழுதிக்கொண்டிருக்கிறது.

வாங்குவது பொருளா, உரிமையா?

சாப்ட்வேர் விஷயத்தில் நமக்கு ஏற்படும் குழப்பத்துக்கெல்லாம் வேர் இந்தக் கேள்வி. நூறு மூட்டை பருப்பு வாங்கினால் பருப்பு நமக்குச் சொந்தம். சாப்ட்வேர் வாங்கினால் நமக்கு வருவது இன்ன மெஷினில், இத்தனை பேர் பயன்படுத்தலாம் என்ற அனுமதி மட்டும்.

நம் வட்டாரத்திலேயே இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்திருக்கிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் 2013 ஜனவரியில் வருமான வரித் துறையினர் சோதனை நடத்தினார்கள். இங்கே தயாரான போன்களில் ஏற்றும் சாப்ட்வேருக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த பணம் உரிமைத் தொகை, அதாவது ராயல்டி, அதற்கு வரி பிடித்திருக்க வேண்டும் என்பது துறையின் வாதம். பொருளுக்குக் கொடுத்த விலைதான் என்றது கம்பெனி. கேட்ட வரி 2,000 கோடி ரூபாய்க்கு மேல். வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாப்ட்டுக்குக் கைமாறியபோது இந்தத் தொழிற்சாலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அந்த மாதங்களில் தொழிலாளர் தங்கியிருந்த வீடுகள் காலியானது நம் கடைச் சிட்டைகளிலேயே தெரிந்தது. தகராறு 2018-ல் இரு நாடுகளுக்கிடையேயான வரி உடன்பாட்டின் வழியாகத் தீர்ந்தது. பிறகு 2021 மார்ச் 2-ல் வேறு வழக்குகளில் சுப்ரீம் கோர்ட் இதே கேள்விக்குத் தீர்ப்பு சொன்னது: சாப்ட்வேரைப் பயன்படுத்த மட்டும் அனுமதி வாங்குபவருக்குக் காப்புரிமை கைமாறுவதில்லை, அதற்குக் கொடுத்த பணம் ராயல்டி ஆகாது. அதற்கு முன்பே, 2004-ல், ஆந்திர மாநில விற்பனை வரி வழக்கில், டிஸ்க்கில் பதித்து விற்கும் ரெடிமேட் சாப்ட்வேர் சரக்குதான் என்றும் அதே கோர்ட் சொல்லியிருந்தது. விற்பனை வரிக்குச் சரக்கு, காப்புரிமைக்கு வெறும் அனுமதி. ஆடிட்டர்களுக்கே தலை சுற்றும் இடம் இது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: டிஸ்க் கையில் இருக்கிறது, அதனால் எங்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது செல்லாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தத்தின்படி 63-பி என்ற பிரிவு வந்தது. 1995 மே 10 முதல் அமலில் இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ அல்லாமல் பயன்படுத்தியவருக்குக் கோர்ட் சலுகை காட்டலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. கடையில் பில் போடும் நமக்கு அது உதவாது. "தெரிந்தே" என்ற சொல் நமக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு எனக்கும் உங்களுக்கும் அந்தச் சாக்கும் போய்விட்டது. முறையாக வாங்கியவர் சாப்ட்வேர் தொலைந்தாலோ கெட்டாலோ பயன்பட ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் தெரிந்திருக்கட்டும்.

எக்செல்லும் வேர்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். எக்செல்லைத் திறந்து, பைல், பிறகு அக்கவுன்ட் என்று போனால் பெயர் தெரியும். "ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்" என்று இருந்தால் பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் கடைக்குச் செல்லாது. 2016 போன்ற பதிப்புகளில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமைப் பத்திரத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு வாங்கியதைக் கடையில் போட்டவர்கள் கவனிக்க. "ஹோம் அண்ட் பிசினஸ்" ஆகும். "புரொபஷனல் பிளஸ்" என்று இருந்தால் அது பெரும்பாலும் கம்பெனி மொத்த லைசென்ஸ் ரகம். ஏல மெஷினில் அது இருந்தால் நமக்கு வந்ததல்ல.

ஆபீஸுக்குப் பழையதைக் காட்டிக் குறைந்த விலையில் புதியது வாங்கும் அப்கிரேடு முறை ஆபீஸ் 2010-லேயே நின்றுபோயிற்று. ஆகவே உங்கள் ஆபீஸ் 2016-ஐ "அப்கிரேடு விலையில்" மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கில் தருகிறார் என்று கேளுங்கள். புதியது என்றால் முழு விலை, அல்லது வருடச் சந்தா. இரண்டும் வேண்டாம், விலைப் பட்டியலும் நினைவூட்டுக் கடிதமும் அடித்தால் போதும் என்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம், வியாபாரத்திலும் பயன்படுத்தலாம். இது நமக்குப் புதிதல்ல. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு முடிந்தபோது தமிழ்நாடு அரசும் தன் அலுவலகங்களுக்கு பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது. என் கடையில் குடோன் மெஷினில் லிப்ரே ஆபீஸ்தான். முதல் வாரம் கணக்குப்பிள்ளை முணுமுணுத்தார், இப்போது மறந்துவிட்டார்.

டேலி

நம்மில் பலருக்கு உண்மையான கம்ப்யூட்டர் என்பது டேலிதான். 2007 ஜனவரி 1-ல் வாட் வந்தபோது சிலர் வாங்கினோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மீதிப்பேர் வாங்கினார்கள். 2009-ல் வந்த ஈ.ஆர்.பி. 9 இன்னும் பல கடைகளில் ஓடுகிறது. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது.

டேலியில் இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒருமுறை வாங்கும் லைசென்ஸ் நிரந்தரம். ஒருவர் பயன்படுத்துவது சில்வர், கடைக்குள் பல மெஷின்களில் பயன்படுத்துவது கோல்டு. டி.எஸ்.எஸ். என்பது வருடாவருடம் கட்டும் சேவைச் சந்தா. சந்தா முடிந்தால் டேலி நின்றுவிடாது. சந்தா முடிந்த தேதிக்குப் பிறகு வெளியான பதிப்புகளுக்கு மட்டும் உரிமை இல்லை. அதனால் ஈ.ஆர்.பி. 9-ஐ முறையாக வாங்கியவர் பிரைமுக்கு மாற முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சந்தாவைப் புதுப்பித்தால் போதும். இது தெரியாமல், சீரியல் நம்பர் கையில் இருந்தும் முழு விலையில் புதிய லைசென்ஸ் வாங்கியவர் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார். விற்றவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சரிபார்ப்பது எளிது. ஈ.ஆர்.பி. 9-ல் முதல் திரையின் அடிப்பகுதியிலேயே லைசென்ஸ் விவரம் இருக்கும். பிரைமில் எப் 1 அழுத்தி "அபவுட்" என்பதைத் திறந்தால் சீரியல் நம்பரும், சில்வரா கோல்டா என்பதும், சந்தா எந்தத் தேதி வரை என்பதும் தெரியும். "எட்யூகேஷனல்" என்று வந்தால் லைசென்ஸ் இல்லை. அந்த நிலையில் மாதத்தின் முதல் இரண்டு தேதிகளுக்கும் கடைசித் தேதிக்கும் மட்டுமே என்ட்ரி போட முடியும். லைசென்ஸ் இல்லாமலே எல்லாத் தேதிக்கும் என்ட்ரி ஏறுகிறது என்றால் யாரோ உடைத்த டேலியைப் போட்டிருக்கிறார்கள். அதில் பல வருடக் கணக்கு இருந்தாலும், முறையான லைசென்ஸ் வாங்கி அதே டேட்டாவைக் கொண்டுவரலாம். பிரதி எடுத்துவிட்டு மாறுங்கள். புதிய பதிப்புக்கு ஏறிய டேட்டாவைப் பழைய பதிப்பில் மறுபடி திறக்க முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தச் சீரியல் நம்பர் யாருடைய இ-மெயிலில் பதிவாகியிருக்கிறது? டேலி வாங்கிய நாளில் நம்மில் பலருக்கு இ-மெயிலே கிடையாது. கணக்குப்பிள்ளையின் மெயிலையோ விற்ற டீலரின் மெயிலையோ கொடுத்துப் பதிவு செய்துவிட்டோம். படப்பைப் பக்கத்து நண்பர் ஒருவர் கடையில் மெஷின் கெட்டுப் புதிய மெஷினில் டேலியைப் போட முயன்றபோது பாஸ்வேர்டு கேட்டது. அது போவது, வேலையை விட்டு நான்கு வருடம் முன்பே ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்துவிட்ட கணக்குப்பிள்ளையின் மெயிலுக்கு. அவர் நல்ல மனிதர், போன் செய்ததும் சொல்லிவிட்டார். மனஸ்தாபத்தோடு போனவராக இருந்தால்? இப்போதே உங்கள் பெயரிலும் கடை மெயிலுக்கும் மாற்றிவிடுங்கள். பழைய மெஷினை அழிக்கும் முன் டேலியில் லைசென்ஸை "சரண்டர்" செய்துவிடுங்கள். சில்வர் லைசென்ஸை ஒரே நேரத்தில் இரண்டு கடையில் வைத்துக்கொள்ள முடியாது.

டேலி மாற்றச் சொல்லி வருபவர்கள் இன்னொரு பயமும் காட்டுகிறார்கள். திருத்தங்களின் தடம் பதியும் "எடிட் லாக்" கட்டாயம், இல்லையேல் அபராதம் என்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம் என்பது உண்மைதான், ஆனால் கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு. தனி உரிமையாளராகவும் பங்குதாரராகவும் கடை நடத்தும் நமக்கு அந்த விதி இல்லை. இ-இன்வாய்ஸ் வேறு. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்களுக்கு விற்கும்போது அதைப் போட வேண்டும். தொழிற்சாலைக் கேன்டீன் கான்ட்ராக்டர்களுக்கு அரிசி, எண்ணெய் சப்ளை செய்பவர்களுக்கு இது பொருந்தும். அவர்களுக்குப் புதிய பதிப்பு வேண்டியிருப்பது நியாயமான செலவு.

காகிதம்

எதை வாங்கினாலும் கடைப் பெயரும் நம் ஜி.எஸ்.டி. நம்பரும் போட்ட பில் வேண்டும். சாப்ட்வேர் பயன்பாட்டு உரிமைக்கு 997331 என்ற சேவைக் குறியீடு, வரி 18 சதவீதம். வழக்கமான ஜி.எஸ்.டி. கட்டுபவர்கள் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், காம்பவுண்டிங்கில் இருப்பவர்களுக்குக் கிடையாது. பில் இல்லாமல் பென் டிரைவோடு வருபவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், அவர் விற்பது உரிமை அல்ல. செகண்ட் ஹாண்ட் மெஷின் வாங்கும்போது பில்லில் மெஷினின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். மெஷினில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரையும், முன் சொன்ன திரைச் சீட்டையும் போனில் படம் எடுத்துப் பிரின்ட் போட்டு வையுங்கள்.

"உங்கள் சாப்ட்வேர் விவரங்களை இத்தனை நாளுக்குள் நிரப்பி அனுப்பவும்" என்று மெயிலோ கடிதமோ வந்தால் பதறிப் பதில் எழுத வேண்டாம். கிழித்துப் போடவும் வேண்டாம். உண்மையான கம்பெனியிடமிருந்தும் வரலாம், போலிகளிடமிருந்தும் வரலாம். போனில் மிரட்டிப் பணம் கேட்டால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ காட்டி, அவர் வழியாகப் பதில் போடுங்கள். அதற்கு முன் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நான் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், தராசு முத்திரைச் சான்று வைத்திருக்கும் அதே பைலில் இப்போது கம்ப்யூட்டருக்கும் ஓர் உறை போட்டிருக்கிறேன். மூன்று திரைச் சீட்டுகள், டேலி சீரியல் நம்பர், சந்தா ரசீது எல்லாம் அதில் இருக்கின்றன. 2022-ல் வாங்கிய பில் மட்டும் இன்னும் "பழைய கம்ப்யூட்டர் 3" என்ற ஒரே வரியோடு இருக்கிறது. விற்ற வியாபாரியிடம் சீரியல் நம்பர்களோடு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். பழைய ஏலச் சீட்டைத் தேடிப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.